ஓடினவனை உட்காரவைத்த கதை

சென்னை பெரியமேட்டில் இருக்கும் நேரு உள்விளையாட்டரங்கம் தங்களுடையது என்று சென்னைக்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். புதுச்சேரிக்காரர்களான நாங்கள் அந்த நம்பிக்கையைக் கெடுப்பதில்லை. ஆனால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் என்று யாராவது தோண்ட ஆரம்பித்தால் எங்கள் பெட்டியிலும் சில காகிதங்கள் இருக்கின்றன.

1746 செப்டம்பரில் லா பூர்தொனே என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சென்னைப்பட்டணத்தைப் பிடித்தார். இங்கிலீஷ் கவர்னர் நிக்கலஸ் மோர்ஸைப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்து ஊர்வலம் விட்டார் எங்கள் கவர்னர் துப்ளெக்ஸ். ராபர்ட் கிளைவ் என்று ஒரு குமாஸ்தாப் பையன் மாறுவேடம் போட்டுக்கொண்டு கடலூர்க் கோட்டைக்கு ஓடினான். பிடித்த ஊரைப் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தரலாம் என்றார் லா பூர்தொனே. தரவே கூடாது என்றார் துப்ளெக்ஸ். இருவரும் சக்களத்திச் சண்டை போட்டதில் லா பூர்தொனே பாரிஸுக்குப் போய் பாஸ்தீய் சிறையில் கம்பி எண்ணினார். சென்னை மட்டும் மூன்று வருடம் புதுச்சேரியின் புறநகராக இருந்தது.

பிறகு ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் கூடிச் சமாதானம் பேசினார்கள். 1748 உடன்படிக்கைப்படி பிரான்ஸ் சென்னையைக் கொடுத்துவிட்டு, கனடாவில் லூயிபூர் என்ற கோட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டது. காட் மீன் வியாபாரத்துக்குப் பேர்போன இடம். பிற்காலத்தில் வரவிருந்த சென்ட்ரல் ஸ்டேஷன், மூர் மார்க்கெட், மார்கழி சீசன் அத்தனையும் மீனுக்குக் கைமாறின. பிரான்ஸ் தரப்பில் கையெழுத்துப் போட்டவர் சைவமாக இருந்திருந்தால் சரித்திரமே வேறு.

போனது போகட்டும். இப்போது அதே ஊருக்கு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர் பஸ்ஸில் போய், டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று கச்சேரி கேட்டுவிட்டு வருகிறோம். தோற்றவனைவிடப் பரிமாறிக்கொண்டவனுக்குத்தான் வயிற்றெரிச்சல் அதிகம். அந்த எரிச்சலோடுதான் அந்த அரங்கம் நிற்கும் மண்ணின் கதையைப் படித்தேன். படித்ததும் எரிச்சல் தணிந்துவிட்டது. ஜனங்கள் காலாற நடக்கட்டும் என்று ஒதுக்கிய இடம் அது. ஒன்றரை நூற்றாண்டு பாடுபட்டு, நடந்தவர்களை ஒருவர் விடாமல் உட்காரவைத்திருக்கிறார்கள்.

முதல் ஆள் சர் சார்லஸ் ட்ரவெல்யன். 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர். மெக்காலேயின் தங்கை புருஷன். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தபோது லண்டன் கஜானாவில் உட்கார்ந்துகொண்டு நிவாரணத்தில் கையை இறுக்கினார் என்று ஐரிஷ்காரர்கள் இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கும் அதே ட்ரவெல்யன்தான். கடல் தாண்டியதும் கை தளர்ந்துவிட்டது போலிருக்கிறது. கறுப்பர் பட்டணத்து ஜனங்கள் சந்துபொந்துகளில் மூச்சு முட்டிக் கிடக்கிறார்கள், அவர்களுக்குக் காற்று வேண்டும் என்று 116 ஏக்கரில் ஒரு பூங்காவுக்குத் திட்டம் போட்டார். பீப்பிள்ஸ் பார்க். பதினொரு குளம், நடப்பதற்கு வளைந்து வளைந்து பாதைகள், பாண்டு வாத்தியத்துக்கு ஒரு மேடை.

பூங்கா வளர்வதற்குள் கவர்னர் வாடினார். 1860-ல் ஜேம்ஸ் வில்சன் என்பவர் லண்டனிலிருந்து வந்து இந்தியாவில் வருமான வரி போட்டார். ‘எக்கானமிஸ்ட்’ பத்திரிகையை ஆரம்பித்த அதே வில்சன். ‘இந்த ஊருக்கு இந்த வரி ஆகாது’ என்று ட்ரவெல்யன் எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். எழுதியதோடு நிற்காமல் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. வருமான வரியை எதிர்த்துக் கவர்னர் வேலையை இழந்த மனிதருக்கு மாதச் சம்பளக்காரர்கள் கோயில் கட்டிக் கும்பிட்டிருக்க வேண்டும். ஒரு நீரூற்றை அவர் பெயரில் வைத்ததோடு கடமை முடிந்தது.

பூங்காவில் ஜனங்கள் கொஞ்ச காலம் நடக்கத்தான் செய்தார்கள். அதற்குக் காரணம் காற்று இல்லை, மிருகங்கள். டாக்டர் எட்வர்ட் பால்ஃபோர் 1855-ல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு மிருகக் காட்சி ஆரம்பித்திருந்தார். கர்நாடக நவாபைப் பேசிச் சரிக்கட்டி அவருடைய விலங்குகளையும் வாங்கிச் சேர்த்திருந்தார். 1860-களின் தொடக்கத்தில் அந்தக் கூட்டம் பூங்காவுக்குக் குடிவந்தது. சென்னைவாசி இரண்டையும் பிரித்துப் பெயர் வைத்தான்: பாடம் பண்ணின மிருகம் இருந்த மியூசியம் ‘செத்த காலேஜ்’, உயிரோடு உறுமியது ‘உயிர் காலேஜ்’. நூறு வருடத்துக்கு மேல் இயங்கிய அந்தக் கல்லூரி 1985-ல் வண்டலூருக்கு மாற்றலானது. அந்த இடத்தின் சரித்திரத்தில் கடைசிவரை குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தவை புலிகள்தான். அவற்றுக்கு நாற்காலி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

மனிதர்களுக்குத் தோன்றியது. 1880-களில் பூங்காவின் ஓரத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. வரைந்தவர் சிஷோம், கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். சென்னையின் முதல் சினிமாக் காட்சிகள் அங்கேதான் நடந்தன. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கேதான் நாடகம் போட்டது. விடிய விடிய நடந்துகொண்டிருந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கிய புண்ணியவான் முதலியார். உட்காருகிறவனின் இடுப்பைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் நாடகாசிரியர் என்று அவரைச் சொல்லலாம். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அந்த ஹாலில் பேசினார். அந்தச் சென்னைச் சொற்பொழிவு வரிசையில்தான், கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கம் கிட்டத்தில் வரும் என்று இளைஞர்களுக்குச் சொன்னார். இளைஞர்கள் உட்கார்ந்தபடியே பலமாகக் கைதட்டினார்கள் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை.

நடுவில் ஒரு பெருந்துயரம் உண்டு. 1886 டிசம்பர் 31 அன்று பூங்காவில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்துபோனார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

பிறகு பூங்காவைக் கூறுபோடும் வேலை ஒழுங்காக நடந்தது. 1900-ல் மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரில். பழைய புத்தகம் முதல் புறா வரை பேரம் பேசி வாங்கிய இடம். 1913-ல் ரிப்பன் மாளிகை. நகரத் தந்தைகள் நாற்காலி போட்டு உட்கார. மூர் மார்க்கெட் 1985 மே 30-ல் எரிந்தது; அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. கடைக்காரர்களுக்கு அல்லிக்குளத்தில் வணிக வளாகம் கட்டிக் கொடுத்தார்கள். குளத்தில் கடை வைத்த அதிசயத்தைச் சென்னை அன்றைக்கே செய்துகாட்டிவிட்டது; பின்னால் ஏரிகளில் வீடு கட்டியதெல்லாம் அதன் தொடர்ச்சி. நியூயார்க்கில் இதையே தலைகீழாகச் செய்தார்கள். பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் மேல்கட்டடத்தை 1963-ல் இடிக்க ஆரம்பித்து, அதன் தலைமேல் 1968-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தை உட்காரவைத்தார்கள். ரயிலும் ஆட்டமும் எந்த ஊரிலும் ஒரே நிலத்துக்குத்தான் அடித்துக்கொள்கின்றன.

பூங்காவின் இன்னொரு துண்டில் மாநகராட்சி ஸ்டேடியம். பிற்காலத்து நேரு ஸ்டேடியம் இதுதான். சேப்பாக்கத்திலிருந்து டெஸ்ட் கிரிக்கெட் இங்கே குடிவந்தது. 1956 ஜனவரி முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட். முதல் டெஸ்டிலேயே வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் நியூசிலாந்துக்கு எதிராக இறங்கினார்கள். முதல் நாள் முழுவதும் ஒரு விக்கெட்கூட விழவில்லை. இரண்டாம் நாள்தான் ஜோடி பிரிந்தது. அதற்குள் 413 ஓட்டம். மன்கட் 231, ராய் 173. அந்த உலக சாதனையை முறியடிக்க 2008 வரை, 52 வருடம், ஆள் வரவில்லை. பார்க்க வந்தவர்களுக்கும் பெவிலியனில் பேட் கட்டிக் காத்திருந்தவருக்கும் வித்தியாசம் இல்லாமல் எல்லோரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

எங்களுக்கு அதில் தனிப்பெருமை ஒன்று உண்டு. புதுச்சேரியின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ல் இந்தியா கைக்கு வந்துவிட்டது என்றாலும், பிரெஞ்சு நாடாளுமன்றம் யோசித்து யோசித்து ஒப்புதல் தந்ததால் சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-ல்தான். ஆகவே அந்த 413-ஐப் பார்க்க எங்கள் ஊரிலிருந்து யாராவது போயிருந்தால், காகிதக் கணக்கில் அவர் பிரெஞ்சு மண்ணிலிருந்து வந்த ரசிகர். கிரிக்கெட் தெரியாத வல்லரசின் சார்பில் கைதட்டியிருப்பார்.

சட்டப்படி இந்தியர்களான பிறகு எங்களுக்குக் கிடைத்த பரிசு பாபு நட்கர்னி. 1964 ஜனவரி, இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட். இடதுகை சுழற்பந்து வீச்சாளர் நட்கர்னி தொடர்ந்து 21 ஓவர் ஓட்டமே கொடுக்காமல் போட்டார். முன்னும் பின்னும் சேர்த்து 131 பந்து, ஒரு ஓட்டமும் இல்லை. முழுக்கணக்கு: 32 ஓவர், 27 மெய்டன், 5 ஓட்டம், விக்கெட் பூஜ்யம். பந்து வந்து விழுகிறது, போலஸ் தடுக்கிறார். பந்து வந்து விழுகிறது, பாரிங்டன் தடுக்கிறார். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இது நடந்தது. பார்வையாளன் உட்கார்ந்திருக்கிறான், ஸ்கோர்போர்டு உட்கார்ந்திருக்கிறது, ஓட்டமும் உட்கார்ந்துவிட்டது. ஆட்டம் டிரா என்பதைச் சொல்லவும் வேண்டுமா? டிக்கெட் வாங்கித் தியானம் செய்யும் வசதி சென்னையில் அப்போதே வந்துவிட்டது.

1967-ல் டெஸ்ட் கிரிக்கெட் மறுபடியும் சேப்பாக்கத்துக்கே போய்விட்டது. 1993-ல் பழைய ஸ்டேடியத்தை இடித்துக் கால்பந்துக்காகப் புதிதாகக் கட்டினார்கள். 1995 டிசம்பரில் தெற்காசிய நாடுகளின் ‘சாஃப்’ விளையாட்டுப் போட்டிகள் சென்னைக்கு வந்தன. அந்தப் பத்தாண்டில் வளாகத்தில் சேர்ந்ததுதான் நம் கதாநாயகன்: குளிரூட்டிய உள்விளையாட்டரங்கம், எட்டாயிரம் பேர் அளவுக்கு. காற்று வாங்க ஒதுக்கிய பூங்காவில், காற்று உள்ளே வராதபடி நான்கு பக்கமும் சுவர் எழுப்பி, மிஷின் வைத்துக் காற்றை விட்டார்கள். ட்ரவெல்யனின் லட்சியம் நிறைவேறியது, மின்கட்டணத்தோடு.

கூரை வந்ததும் ஒரு மாயம் நடந்தது. நடுவில் இருக்கும் மரத்தரை இறகுப்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போட்டது. ஆனால் கோடு போட்ட சமதளத்தைப் பார்த்ததும் நம்மவர்களுக்குப் பந்து ஞாபகம் வருவதில்லை, நாற்காலி ஞாபகம்தான் வருகிறது. ஒரு பக்கம் மேடை, சர்வீஸ் கோட்டின்மேல் கார்ப்பெட், அதன்மேல் சோபா, சோபாவின்மேல் முக்கியஸ்தர். அவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி. கேலரியில் பாஸ் கிடைத்த பாக்கியவான்கள். வெளியே பாஸ் கிடைக்காதவர்கள். அவர்கள்தான் கேட்டுக்குக் கேட் ஓடுகிறவர்கள். அரங்கத்தில் ஓட்டப் பந்தயம் நடப்பது காம்பவுண்டுக்கு வெளியேதான்.

பந்துக்காகக் கட்டிய அரங்கத்தில் பாட்டுக் கேட்பது சும்மா இல்லை. உயரமான கூரை, கெட்டியான சுவர், வழவழத் தரை. ஓசை இவற்றில் மோதித் திரும்பி வரும். பாட்டுக்கு அது தொல்லை, ஒலி அமைப்பாளர் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பாராட்டுரைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒரு தடவை புகழ்ந்தால் இரண்டு தடவை கேட்கும்.

இளையராஜா 2005 அக்டோபரில் ‘அன்றும் இன்றும் என்றும்’ கச்சேரியை இங்கேதான் நடத்தினார். உட்கார்ந்ததற்கு வருத்தப்படாத கூட்டம் என்று அதைச் சொல்லலாம். 2010 பிப்ரவரியில் திரையுலகம் முதல்வர் கருணாநிதிக்கு இங்கே பாராட்டு விழா எடுத்தது. மேடை ஏறிய அஜித், விழாக்களுக்கு வரச்சொல்லி நடிகர்களை மிரட்டுகிறார்கள் என்று முதல்வர் முன்னிலையிலேயே போட்டு உடைத்தார். ரஜினிகாந்த் எழுந்து நின்று கைதட்டினார். உள்விளையாட்டரங்கத்தில் அன்று நடந்த ஒரே உடற்பயிற்சி அதுதான். 2022 செப்டம்பரில் ‘பொன்னியின் செல்வன்’ பாடல் வெளியீடு. 2023 ஜூலையில் ‘ஜெயிலர்’ விழாவில் ரஜினி காக்கை–கழுகு கதை சொன்னார். அதைவைத்து ரசிகர்கள் சமூக வலைத்தளத்தில் மாதக்கணக்கில் மல்யுத்தம் செய்தார்கள். அரங்கத்தின் பெயரால் நடந்ததால் அதையும் விளையாட்டில் சேர்க்கலாம். அதே வருடம் செப்டம்பரில் ‘லியோ’ விழாவைத் தயாரிப்பாளர்களே ரத்து செய்தார்கள். காரணம், தாங்க முடியாத அளவுக்கு பாஸ் கேட்டது கூட்டம். அரங்கம் காலியாகக் கிடந்ததற்கு ஆள் அதிகமானது காரணமாகச் சொல்லப்பட்ட அந்தக் கணக்கு நட்கர்னியின் கணக்குக்குச் சமம்.

உச்சம் 2022 ஜூலை 28. ரஷ்யாவில் நடக்க வேண்டிய 44-வது செஸ் ஒலிம்பியாட், போர் காரணமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. தொடக்க விழா இந்த அரங்கில். பிரதமர் சதுரங்கக் கரை போட்ட வேட்டியில் வந்தார். போட்டியின் சின்னமான ‘தம்பி’ என்ற குதிரை வேட்டி கட்டிக் கைகூப்பி வரவேற்றது. நேப்பியர் பாலத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் வரைந்தார்கள். செஸ் ஒலிம்பியாட் வரலாற்றிலேயே முதன்முறையாக டெல்லியில் ஜோதி ஏற்றி 75 ஊருக்குக் கொண்டுபோனார்கள். உட்கார்ந்து ஆடுகிற ஆட்டத்துக்கு ஓடிக்கொண்டே வந்தது ஜோதி. அரங்கம் பல வருடமாக எதிர்பார்த்திருந்த விளையாட்டு கடைசியில் வந்தேவிட்டது: ஆடுகிறவனும் உட்கார்ந்திருப்பான், பார்க்கிறவனும் உட்கார்ந்திருப்பான், யாரும் சத்தம் போடக்கூடாது. ஆனால் ஆட்டத்தை அங்கே வைக்காமல் மாமல்லபுரத்து ஓட்டலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சென்னையிலிருந்து கிளம்பிப் புதுச்சேரிப் பாதையில் மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்தபிறகு அவர்களுக்கே அலுத்திருக்கும். இன்னும் கொஞ்சம் தம் பிடித்திருந்தால் எங்கள் ஊருக்கே வந்திருப்பார்கள்.

நியாயமாகச் சொன்னால், அந்தக் கூரைக்கடியில் வியர்த்தவர்களும் உண்டு. 2017-ல் தமிழ் தலைவாஸ் அணி வந்தபின் புரோ கபடி அங்கே நடந்திருக்கிறது. ஜனங்கள் மூச்சு விடட்டும் என்று ட்ரவெல்யன் ஒதுக்கிய இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆட்டம் நடக்கும் நேரத்தில் தரைக்கு அது எதற்காகப் பிறந்தது என்பது நினைவுக்கு வரும். மறுநாள் கார்ப்பெட் வந்துவிடும்.

பாரிஸைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அங்கே பெர்சி என்ற இடத்தில் உலகப் புகழ்பெற்ற ஒயின் கிடங்குகள் இருந்தன. அவை கிடந்த நிலத்தில் 1984-ல் ஒரு மாபெரும் உள்ளரங்கத்தைத் திறந்தார்கள். சைக்கிள் பந்தயம், டென்னிஸ், ராக் கச்சேரி எல்லாம் ஒரே கூரையில். வெளிச்சுவர் சரிவு முழுக்கப் புல். சரக்கு இருந்த இடத்தை விளையாட்டுக்குக் கொடுத்த அந்தத் தியாகம் புதுச்சேரிக்காரனுக்குப் புரியாது. எங்களுக்கு உப்பளத்தில் உள்விளையாட்டரங்கம் தனியாக இருக்கிறது, சரக்கு தனியாக இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை இடிக்கும் பேச்சுக்கே இடமில்லை.

ட்ரவெல்யன் கனவு கண்ட பூங்காவைத் தேடினால் சென்னையில் கிடைப்பது ‘பார்க்’ என்று ஒரு ரயில் நிலையமும் பார்க் டவுன் என்று ஒரு முகவரியும்தான். கனவு நிறைவேறிய இடம் எங்கள் கடற்கரைச் சாலை. மாலை ஆறு மணி ஆனால் வண்டி போகக்கூடாது. சாலை முழுக்க நடக்கிறவர்களுக்கு. பாஸ் வேண்டாம், பாராட்டு விழா இல்லை, காற்றுக்கு மிஷின் இல்லை. கறுப்பர் பட்டணத்துக்காக இங்கிலீஷ்காரர் யோசித்ததை அவர்களுடைய பங்காளி ஊர் நடத்திக் காட்டுகிறது. இதை நான் பெருமையாகச் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் எங்கள் ஜனங்களையும் எனக்குத் தெரியும். பழைய கலங்கரை விளக்கம் வரை வேகமாக நடப்பார்கள். சுண்டல்காரரைக் கண்டதும் வேகம் குறையும். ஒரு ஆள் உட்காரும் அளவுக்குச் சுவர் தெரிந்ததும் குடும்பமே உட்கார்ந்துவிடும். கவர்னரும் ரயில்வேயும் சினிமாக்காரர்களும் சேர்ந்து நம்மை உட்காரவைத்தார்கள் என்று இவ்வளவு நேரம் குற்றப்பத்திரிகை வாசித்தது வீண். நாம் பிறந்ததிலிருந்தே இடம் தேடிக்கொண்டிருந்தவர்கள். செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கல்தூண்களுக்கு நடுவே, கையில் தடியோடு, அந்தச் சாலையில் விடாமல் நடந்துகொண்டிருப்பவர் காந்தி ஒருவர்தான். அவருக்கும் பாஸ் இல்லை போலிருக்கிறது.